மூக்கைத் தூக்கி நின்ற இக்கானும் அரைச் சுற்று ஸ்பிரிங்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஈசிஆரில் படம் காட்டுவதற்காக நான் ஸ்பிரிங்கை வெட்டவில்லை. என் பிரச்சினை நேர் எதிர். டிக்கியில் நாலு மூட்டை சிமெண்ட் ஏற்றிய மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்காக முன்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் அரைச் சுற்று வெட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. நடுவில் ஒருமுறை வயிற்றைக் கலக்கியது, ஒருமுறை செய்த வேலையையே திரும்பச் செய்தேன்.

வண்டி 2003 ஃபோர்டு இக்கான், 1.6 பெட்ரோல். மறைமலை நகரில் செய்தது, அப்பா புதிதாக வாங்கியது. இந்த வயதிலும் மூன்றாவது கியரில் அது இழுக்கிற இழுப்பு இன்றைய பல வண்டிகளில் இல்லை என்பது என் கட்சி. விற்றுத் தொலை என்பது அம்மாவின் கட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளும் சக்கரத்தில் பாதி மூழ்கத்தான் வண்டி நின்றது. கார்பெட்டைக் காயவைத்தேன், பிரேக்கைப் பிரித்துத் துடைத்தேன், எல்லா ஆயிலையும் மாற்றினேன். ஸ்பிரிங்கைப் பற்றி யார் யோசிப்பார்கள்? அடுத்த வருஷம் ஒரு காலை கேட்டைத் தாண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் கால்வாசி தனியாக உடைந்து, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் கிடக்கிறது.

காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் அங்கேதான் உடையும். கீழ்த்தட்டில் மணலும் ஈரமும் தங்கும், ஸ்பிரிங் அசைந்து அசைந்து பெயிண்டைத் தேய்க்கும், தேய்ந்த இடத்தில் துரு ஒரு சின்னப் பள்ளம் போடும், அந்தப் பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்பும். கடற்காற்று அடிக்கும் ஊர், அதோடு இரண்டு நாள் வெள்ளம். இருபது வருஷம் தாங்கியதே பெரிது.

இக்கான் உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் வேறு வண்டி ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டி "இதைப் போட்டுக்கலாம் சார்" என்றார், மற்ற இரண்டு பேரும் நேர்மையாகக் கையை விரித்தார்கள். பிறகென்ன, புதுப்பேட்டைதான். ஆதித்தனார் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்தால், கூவம் வாடையோடு ஆயில் வாடையும் சேர்ந்து வர, கதவு ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று சென்னையில் செத்த கார்களெல்லாம் உறுப்பு உறுப்பாக அடுக்கியிருக்கும். நாலாவது கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. 1,800 ரூபாய். "பெட்ரோலா டீசலா பாய்?" என்று கேட்டேன். "இக்கானுக்கு எல்லாம் ஒண்ணுதான் சார், கண்ண மூடிட்டுப் போடுங்க" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

தெரு மெக்கானிக் அண்ணன் அன்று மாலையே மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை அப்பா பால் வாங்கிவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்று வண்டியைப் பார்த்தார்.

"ஏன்டா, இது என்ன மூக்கைத் தூக்கிட்டு நிக்குது?"

பார்வைக்கு மட்டும் என்றால் விட்டிருப்பேன். ஹெட்லைட் எதிரே வருகிறவர் முகத்தில் அடித்தது, லோ பீமிலேயே எல்லோரும் எனக்கு டிப் அடித்தார்கள். சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்சக்கரத் தூண்) முழுவதும் நீண்டு அதன் எல்லையில் போய் முட்டுகிற சத்தம் அது. வண்டி உயர்ந்துவிட்டால் சக்கரம் கீழே இறங்குவதற்கென்று இருக்கிற இடம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை, உயரமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள்.

டேப் எடுத்து அளந்தேன். தரையிலிருந்து அளக்கக் கூடாது, டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். இடது 382 மில்லிமீட்டர், வலது 380. நல்லவேளையாக, ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன்பே உடையாத வலது பக்கத்தை அளந்து ஃபோனில் குறித்து வைத்திருந்தேன்: 358. பின்பக்கம் இரண்டும் 360.

கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங்குகளை நான் தூக்கிப் போடவில்லை (இந்தப் பழக்கத்துக்காக வீட்டில் வாங்கிய திட்டுக்கு இந்த ஒருமுறை பலன் கிடைத்தது). உடையாததை எடுத்து, பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டி, வெர்னியர் வைத்துக் கம்பியின் தடிமனைப் பார்த்தேன். 12 மி.மீ. வண்டியில் இப்போது இருப்பதைச் சக்கரத்தைத் திருப்பிவைத்து அதே மாதிரி அளந்தேன். 12.5. இரண்டுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்று, அகலம் ஒன்று, மாட்டும் முன் நீளத்தையும் அளந்திருந்தேன், அதுவும் ஒன்றுதான். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 1.8 டீசலின் வார்ப்பிரும்பு இன்ஜின் கனம், அதைத் தாங்கச் செய்த ஸ்பிரிங் இது.

அரை மில்லிமீட்டர் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் படிக்கு ஏற்ப ஏறும். 12-ஐ நாலு தடவை பெருக்கினால் 20,736. 12.5-ஐப் பெருக்கினால் 24,414. கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுதல் விறைப்பு. என் ஸ்பிரிங்கின் சராசரி அகலம் 130 மி.மீ., வேலை செய்யும் (தட்டில் படுத்துக்கிடக்காமல் அழுங்குகிற) சுற்றுகள் 5. சூத்திரத்தில் போட்டால் பழையது ஒரு மில்லிமீட்டர் அழுங்க 1.9 கிலோ கேட்கும், டீசலுடையது 2.24 கிலோ கேட்கும். ஒரு முன்சக்கரத்தின் ஸ்பிரிங் மேல் சுமார் 270 கிலோ உட்காருகிறது என்று வைத்தால் பழையது 142 மி.மீ. அழுங்கும், புதியது 121 மி.மீ.தான் அழுங்கும். வித்தியாசம் 21. டேப் காட்டிய 22-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கணக்கு முடிந்ததும் புதுப்பேட்டை பாய் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. கண்ணால் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது, வெர்னியர் எடுத்துக்கொண்டு போகாதது என் தப்பு.

சரி, என்ன செய்யலாம்? சரியான பெட்ரோல் ஸ்பிரிங் கிடைக்கும் வரை காத்திருப்பது ஒன்று. இரண்டு மாதம் தேடினேன், கிடைத்த ஒரே ஜோடியில் துருப்பள்ளம் என்னுடையதைவிட ஆழமாக இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஸ்பிரிங் சுற்றும் பட்டறைகளில் விசாரித்தேன். இரண்டே இரண்டு ஸ்பிரிங்குக்காக மெஷின் செட்டிங்கை மாற்ற யாருக்கும் மனசில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெக்கானிக் அண்ணன் ஒரு வழி சொன்னார்: "கேஸ் டார்ச் வச்சு நாலு இடத்துல சூடு காட்டுனா தானா உக்காந்துரும் தம்பி." இதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஸ்பிரிங் எஃகின் உயிரே அதற்குக் கொடுத்த டெம்பர்தான், அதாவது சூடாக்கி ஏற்றிய பதம். சிவக்கச் சூடு காட்டினால் அந்த இடம் சாதாரண இரும்புக் கம்பி மாதிரி ஆகிவிடும், இன்று 2 செ.மீ. இறங்கும், அடுத்த மாதம் இன்னும் 2 இறங்கும், ஒரு நாள் மேம்பாலத்தில் உடையும்.

கடைசியாக மிஞ்சியது வெட்டுவது.

அப்பா ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பிரிங்கை வெட்டப் போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. ரயில் பெட்டியில் சக்கரம் தேயத் தேயப் பெட்டி இறங்கும், பஃபர் (பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும் இடிதாங்கி) உயரம் தண்டவாளத்திலிருந்து 1,105 மி.மீ.க்கு மேலே போகக் கூடாது, 1,030-க்குக் கீழே வரக் கூடாது, அதற்காக ஸ்பிரிங்குக்கு அடியில் கணக்காக வளையம் வைத்து உயரத்தைச் சரி செய்வார்கள், ஸ்பிரிங்கில் கை வைக்கவே மாட்டார்கள் என்று ஆரம்பித்தார். அங்கே ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சுமை கொடுத்து அளந்து, ஒரே மாதிரி அழுங்குவதைக் குழுவாகப் பிரித்து, கலர் அடையாளம் வைத்து, ஒரு பெட்டிக்கு ஒரே குழுவாகத்தான் போடுவார்களாம்.

"உயர்த்தணும்னா அடியில வளையம் வைக்கலாம்பா, இறக்கணும்னா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வெட்டு. ஆனா ரெண்டையும் ஒண்ணா வெட்டு, ஒண்ணா அள. முதல்ல வெட்டுனதை அச்சா வச்சு ரெண்டாவதை வெட்டாதே, ரெண்டுக்கும் ஒரே பேப்பரை வச்சுக் குறி" என்றார். இந்த ஒரு பேச்சுக்கே அவருக்கு ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன்.

எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாறப் பார்த்தேன். ஸ்பிரிங் வெளியே கிடக்கும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே 65 மி.மீ. இருந்தது. எனக்கு 20 இறங்க வேண்டும், அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு சுற்று போதும் என்று முதலில் கணக்குப் போட்டேன். தப்பு. சுற்றைக் குறைத்தால் மிச்சமிருக்கும் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும், முன்னளவு அழுங்காது, இறங்கிய உயரத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தூக்கிவிடும். 5 சுற்று நாலரை ஆனால் விறைப்பு 2.24-லிருந்து 2.49 கிலோ ஆகும். 121 மி.மீ. அழுங்கியது 109 மி.மீ.தான் அழுங்கும். அரைச் சுற்று வெட்டினால் நீளத்தில் 32 குறையும், விறைப்பால் 12 திரும்பி வரும், ஆக 20 இறங்கும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது, இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்துக் கையை உள்ளே விட்டு, ஸ்பிரிங்கின் ஒரு சுற்றின் மேல்விளிம்பிலிருந்து அடுத்த சுற்றின் மேல்விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு முழுச் சுற்றை வெட்டினால் அந்த அளவுதான் இறங்கும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சுமை ஸ்பிரிங்கின் எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரிதான் உட்காருகிறது, ஒரு சுற்றை எடுத்துவிட்டால் மற்றச் சுற்றுகளுக்கு அது தெரியவே தெரியாது, அவை முன்பு அழுங்கிய அதே அளவுதான் இப்போதும் அழுங்கும். காணாமல் போவது அந்தச் சுற்று நின்ற இடம் மட்டும்தான். எனக்கு 41 வந்தது. பாதி, 20. சூத்திரமும் ஸ்கேலும் ஒன்றையே சொன்னதும் பயம் போய்விட்டது. சுற்றுகளுக்கு நடுவே சம இடைவெளி இல்லாத ஸ்பிரிங் சில வண்டிகளில் வரும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்ட்ரட் இல்லாமல் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) நடுவில் ஸ்பிரிங் உட்காரும் வண்டிகளிலும் சக்கரத்தில் தெரியும் மாற்றம் வேறு கணக்கு.

பழைய உயரம் 358, நான் குறி வைத்தது 362. இருபது வருஷ ஸ்பிரிங் கொஞ்சமாவது உட்கார்ந்திருக்கும், புதிதில் இன்னும் சற்று உயரமாகத்தான் நின்றிருக்கும் என்று ஒரு அனுமானம். தவிர, வெட்டியதை ஒட்ட முடியாது.

முதல் ஞாயிறு கழற்றுவதிலேயே போனது. இக்கானில் ஸ்ட்ரட்டின் கீழ்க்குழாய் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) வாய்க்குள் இறங்கி ஒரே ஒரு போல்ட்டு அதைக் கவ்வியிருக்கும். அந்த வாய் துருவில் இறுகிப் போயிருந்தது. மெக்கானிக் இரண்டு மாதத்துக்கு முன்புதான் கழற்றினார், இருந்தும். துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு டீ குடித்தேன், மறுபடி அடித்துவிட்டு டிபன் சாப்பிட்டேன், அப்புறம் பிளவில் ஒரு தட்டையான உளியை வைத்துத் தட்டி விரித்ததும் இறங்கியது. பிரேக் ஓஸை ஸ்ட்ரட்டிலிருந்து முதலில் விடுவித்துவிடுங்கள், நக்கிள் தொங்கும்போது அதன் பாரம் ஓஸ் மேல் வரக் கூடாது. ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் நான் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவேன், ஸ்டாண்டு வழுக்கினாலும் வண்டி அதன் மேல்தான் விழும்.

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசரை மெக்கானிக் அண்ணனிடம் இரவல் வாங்கினேன். திருகாணியில் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, கிரீஸ் வைத்து, இரண்டு கொக்கியையும் நேர் எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு திருகு, அந்தப் பக்கம் இரண்டு திருகு. ஸ்பிரிங் தட்டில் லொடலொடவென்று ஆடும்வரை மேல் நட்டைத் தொடவே கூடாது. இந்த ஸ்பிரிங்கை 10 செ.மீ. அழுத்தினால் 220 கிலோவுக்கு மேல் விசை உள்ளே அடைந்திருக்கும். அது தெறித்தால், காலி கேஸ் சிலிண்டர் ஒன்று முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து வந்து விழுவதற்குச் சமம், விழப்போவது காலில் இல்லை, முகத்தில். அப்பாவை அந்த நேரத்தில் மட்டும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் வெட்டு. எந்த முனையை வெட்டுவது என்று பார்க்க வேண்டும். என் ஸ்பிரிங்கின் மேல் முனை உள்பக்கமாகச் சுருங்கிச் சின்ன வட்டமாக முடிகிறது. அதை வெட்டினால் மேல்தட்டில் உட்காராது. கீழ் முனைதான் சுருங்காமல் அதே அகலத்தில் வந்து சும்மா முடிகிறது, வெட்ட வேண்டியது அதை. இரண்டு முனையும் சுருங்கிய ஸ்பிரிங் என்றால் பேசாமல் மூடி வைத்துவிடுங்கள், அது வெட்டுவதற்கான சாமான் இல்லை.

பேப்பரைக் கம்பி மேல் சுற்றி, முனையிலிருந்து அரைச் சுற்று நீளத்தைக் குறித்து, அதே பேப்பரை இரண்டாவது ஸ்பிரிங்கிலும் வைத்துக் குறித்தேன். 130 மி.மீ. அகலத்துக்கு அரைச் சுற்று என்றால் கம்பி நீளம் 204 மி.மீ. வருகிறது. ஆங்கிள் கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல். குறியிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, வைத்துக்கொள்ளப் போகிற பக்கத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டேன். ஒரே மூச்சில் வெட்டாமல் அஞ்சு செகண்ட் வெட்டு, பத்து செகண்ட் ஆறவிடு. எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும், 300 டிகிரி பக்கம் நீலம் வரும். எனக்கு வெட்டுமுகத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீலம் தெரிந்தது. தட்டில் படுத்துக்கிடக்கும் முனை என்பதால் அங்கே பெரிய முறுக்கம் எதுவும் வராது. மாடிவீட்டு மாமி எட்டிப்பார்த்து, "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார். கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், அந்தச் சின்ன வீல் உடைந்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

வெட்டிய முனைக்கு ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் கறுப்பு பெயிண்ட், அதற்கு மேல் பழைய ரேடியேட்டர் ஓஸில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி உறையாக மாட்டினேன். பழைய ஸ்பிரிங் உடைந்த அதே இடம், மணல் வந்து தங்கும் இடம்.

சேர்க்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்ட்ரட் முழுக்க நீண்டிருக்கும்போதும் ஸ்பிரிங் இரண்டு தட்டுக்கும் நடுவே இறுக்கமாக இருக்க வேண்டும். என் தட்டுகளுக்கு நடுவே தூரம் 300 மி.மீ., வெட்டிய ஸ்பிரிங்கின் நீளம் 338, ஆக 38 மி.மீ. எப்போதும் அழுங்கியே இருக்கும். கம்ப்ரசர் இல்லாமல் கையாலேயே ஸ்பிரிங்கை மாட்ட முடிகிறது என்றால் அளவுக்கு மேல் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு சுற்று, இரண்டரைச் சுற்று வெட்டித் திரியும் பையன்களின் வண்டியில் இதுதான் நடக்கிறது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டைவிட்டு விலகி, திரும்ப வேறெங்கோ போய் உட்காரும். மற்ற நேரமெல்லாம் வண்டி பம்ப் ஸ்டாப்பின் ரப்பர் மேலேயே ஓடும். ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது அரை மீட்டர் அகலத்தில் ஒரு சுவர். அதில் ஆயில் சேம்பரைக் கொடுத்துவிட்டு ஸ்டைல் என்கிறார்கள்.

மாட்டி முடித்து, ஜாக்கியை இறக்கி, ஆவலாக டேப்பை வைத்தால் 397! வெட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட 15 கூடுதல். இரண்டு நிமிஷம் தலை சுற்றியது. வெட்டினால் உயருமா, சூத்திரம் பொய்யா என்று என்னென்னவோ ஓடியது. அப்பாதான், "வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துடா" என்றார். தூக்கி இறக்கிய வண்டியில் சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கி நிற்கும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வெளியே விரியவிடாது, அதனால் வண்டி உயரமாகவே நிற்கும். பத்தடி முன்னே, பத்தடி பின்னே, பானெட்டை நாலு அழுத்து. இடது 369, வலது 363.

வலது சரி. இடது ஏன் ஆறு கூடுதல்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ரவுண்டு போனேன். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே இடது பக்கம் 'டொங்'. திரும்ப வந்து அளந்தால் 362.

அடுத்த ஞாயிறு மறுபடி இடது ஸ்ட்ரட்டை இறக்கிப் பார்த்ததில் கதை புரிந்தது. கீழ்த்தட்டில் ஸ்பிரிங் முனை போய் முட்டி நிற்க ஒரு படி இருக்கிறது. இடது ஸ்பிரிங்கின் வெட்டுமுகத்தில் நான் பிசிறைச் சரியாகத் தேய்க்கவில்லை, அது ஓஸ் உறையைக் கிழித்துக்கொண்டு படியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் வழுக்கி உரிய இடத்தில் விழுந்திருக்கிறது. அதுவாகச் சரியானதை அப்படியே விட்டிருக்கலாம், ஆனால் கிழிந்த உறைக்குள் தண்ணீர் நின்றால் அடுத்த மழைக்குள் அதே இடம் துருப்பிடிக்கும். பிசிறை அரத்தால் உருட்டி, புது உறை போட்டு, முனை படியில் முட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மூடினேன். மேல்தட்டு பேரிங் மேல் உட்கார்ந்திருப்பதால் ஸ்பிரிங் எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் மேலே பிரச்சினை இல்லை, கீழே மட்டும் கண் வேண்டும்.

உயரம் மாறினால் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், அலைன்மென்ட் கட்டாயம். இரண்டு மாதம் மூக்கைத் தூக்கி ஓடியதில் முன்டயர்களின் விளிம்பு ஏற்கெனவே கொஞ்சம் தின்றுபோயிருந்தது. ஹெட்லைட்டை எதிர்ச்சுவரில் அடித்துப் பார்த்துச் சரி செய்தேன்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நான் செய்தது கம்பெனி கொடுத்த உயரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். 15 வருஷம் தாண்டிய வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஓட்டுவதற்கு எப்படி? உண்மையைச் சொன்னால் பழைய சுகம் இல்லை. உயரம் பழையபடி வந்துவிட்டது, ஆனால் பழைய பெட்ரோல் ஸ்பிரிங்கைவிட இது 30 சதவீதம் விறைப்பு. ஷாக் அதே பழசு, மென்மையான ஸ்பிரிங்குக்கு என்று செய்தது. மடிப்பாக்கம் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் போனால் முன்பக்கம் ஒரு குலுக்கலுக்குப் பதில் ஒன்றரைக் குலுக்கல் போடுகிறது. வளைவில் வண்டி சாய்வது குறைந்திருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, பின்சீட்டில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. 'டக்' சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. யாரும் டிப் அடிப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து அளந்தேன்: இடது 361, வலது 362. வெட்டிய இரண்டு அரைச் சுற்றையும் அப்பா துடைத்து எடுத்து, வெர்னியரால் அளந்து பார்த்துவிட்டு, ஒன்றை மொட்டைமாடிக் கதவுக்கு அணையாக வைத்திருக்கிறார். ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடிக்கும்போது வலது ஸ்ட்ரட் தலையில் மெல்லிசாக ஒரு 'டிக்' கேட்கிறது, மேல் பேரிங்காகத்தான் இருக்கும். பிரித்தபோதே மாற்றியிருக்க வேண்டியது, 400 ரூபாய் மிச்சம் பிடித்தேன். கம்ப்ரசரை இன்னும் அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.